மழைக்கு முன் டயரைப் பாருங்கள்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பார்க்கிங்கில் பல கார்கள் வாரம் ஒருமுறைதான் வெளியே போகின்றன. "அதிகம் ஓடவில்லை, டயர் நன்றாகத்தான் இருக்கும்" என்று இருந்துவிடாதீர்கள். ஓடாவிட்டாலும் ரப்பர் நாளாக ஆக இறுகும். ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளோடு வரும் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்களா? புதியதைப் பின்பக்கம் போடச் சொல்லுங்கள். மழையில் முன்டயர் வழுக்கினால் கார் திரும்பாமல் நேரே போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், சமாளிப்பது கடினம்.

அடுத்து ஷாக் அப்சார்பர். காரின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்கள். உடனே அடங்கினால் நல்லது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஷாக் தளர்ந்தால் மேடுபள்ளத்தில் டயர் சாலையை விட்டு எழும்பும். பிரேக் பிடித்தாலும் கார் தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

காற்று எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாகும் முன் அளந்து பாருங்கள்.

இந்த ஞாயிறு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.