வானவழியும் வனவழியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயணத்தைப் பற்றிப் பேசுவதற்கு டில்லித் தமிழர் கூடிய அவையினும் தக்க அவை வேறு இல்லை எனலாம். விடுமுறை வந்தவுடன் பெட்டி கட்டித் தெற்கு நோக்கிப் புறப்படுவோர் அல்லவா நாம்! இரயிலில் இரண்டு இரவுகளைக் கழித்த தலைமுறையினர் இங்கே இருக்கின்றனர். இன்றோ மூன்று மணி நேரத்துக்குள் விமானம் நம்மைச் சென்னையில் இறக்கிவிடுகின்றது. இடையே கிடக்கும் நாட்டை நாம் காண்பதில்லை. அவ்வாறு காணாமற் கடக்கும் நிலத்தைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றேன். அதன்பொருட்டு முதலில் உங்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்கின்றேன்.

கென்யா, தான்சானியா நாடுகளில் வனவிலங்கு காணச் செல்வோர் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் சிறு விமானத்தில் செல்வது வழக்கம். நைரோபி நகரின் வில்சன் விமான நிலையத்திலிருந்து அவை நாள்தோறும் புறப்படுகின்றன. செஸ்னா காரவன் என்னும் விமானம் இவ்வழிகளில் பெயர் பெற்றது. அதற்குப் பொறி ஒன்றே. அமர்வோர் பன்னிருவர் அளவினர். இறக்கை பயணிகளின் தலைக்கு மேலே அமைந்திருப்பதால் கீழே உள்ள நிலம் மறைவதில்லை. மூட்டை பதினைந்து கிலோ அளவில், மடங்கும் துணிப்பையாக இருத்தல் வேண்டும் என்பர். இது வீண் கண்டிப்பு அன்று. நைரோபி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,660 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயர்ந்த இடத்திலும் வெப்பத்திலும் காற்று மென்மையாகிவிடும். அக்காற்று விமானத்தைத் தாங்கும் வலிமையும் குறையும். ஆதலின் சுமையை எடை பார்த்தே ஏற்றுகின்றனர். இறங்கும் இடமோ வெறும் மண்தரை. அங்கே விலங்குகள் மேய்ந்துகொண்டிருப்பின், அவை விலகும் வரை விமானம் மேலே வட்டமிட்டுக் காத்திருக்கும். விருந்தினர் வீட்டுக்காரருக்கு வழிவிடும் பண்பு அது!

இச்சிறு விமானம் செய்த பெருந்தொண்டு ஒன்று உண்டு. பெர்ன்ஹார்ட் கிர்ஜிமெக் என்ற ஜெர்மானிய விலங்கியல் அறிஞரும் அவர் மகன் மைக்கேலும் 1950-களின் இறுதியில், வரிக்குதிரை போல் கோடுகள் தீட்டிய ஒரு டோர்னியர் விமானத்தில் செரங்கெட்டிச் சமவெளியின் மேல் பறந்து விலங்குகளை எண்ணினர். மந்தைகள் செல்லும் வழியைப் படத்தில் குறித்தனர். அப்போது ஓர் உண்மை புலனாயிற்று. ஆட்சியாளர் பூங்காவுக்கு வகுத்திருந்த எல்லைக்கு வெளியேயும் மந்தைகள் நெடுந்தூரம் சென்றன. புல்லும் நீரும் இருக்கும் திசையே அவற்றுக்கு எல்லை. இப்பணி முடியுமுன், 1959 ஜனவரி 10-ஆம் நாள், பாறு என்னும் பெருங்கழுகு மோதி விமானம் வீழ்ந்தது. மைக்கேல் உயிர் நீத்தார். அவர் ங்கோரோங்கோரோ மலைவிளிம்பில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு காடுகளுக்கு இடையே உள்ள நிலமும் காட்டின் பகுதியே என்று உலகுக்கு உணர்த்தியதில் அவ்விளைஞருக்குப் பெரும்பங்கு உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வானவழியே காடு விட்டுக் காடு சென்றவை புலிகள்! டில்லிக்கு அண்மையில் உள்ள சரிஸ்காவில் புலி ஒன்றுகூட எஞ்சவில்லை என்பது 2005-இல் தெரியவந்தது. கள்ள வேட்டை அவற்றைத் துடைத்துவிட்டது. 2008 ஜூன் 28-ஆம் நாள் ரண்தம்போரிலிருந்து ஓர் ஆண் புலியை மயக்கமுறச் செய்து, ஹெலிகாப்டரில் ஏற்றிச் சரிஸ்காவில் இறக்கினர். மத்தியப் பிரதேசத்துப் பன்னாவிலும் இதே நிலை நேர்ந்தது. 2009 மார்ச்சில் கான்ஹாவிலிருந்து ஒரு பெண் புலி ஹெலிகாப்டரிலேயே அங்கு வந்தது.

அவ்வாண்டு நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண் புலியையும் பன்னாவுக்குக் கொண்டுவந்தனர். அது என்ன செய்தது தெரியுமா? புதிய இடத்தில் தங்க மனமின்றித் தெற்கு நோக்கி நடக்கலாயிற்று. தெற்கேதான் அதன் பிறந்தகம்! வயலும் ஊரும் கடந்து, நானூறு கிலோமீட்டருக்கு மேல் அது அலைந்தது. வனத்துறையினர் யானைகளோடு பின்தொடர்ந்து, டிசம்பரில் அதனைப் பிடித்து மீட்டனர். பின்னர் அது பன்னாவிலேயே நிலைத்தது. 2010 ஏப்ரலில் அங்கே குட்டிகள் பிறந்தன. பிறந்த ஊரை நினைத்துத் தெற்கே நடந்த அப்புலியின் உள்ளத்தை, இவ்வவையைவிட நன்கு அறியக்கூடியவர் யார்?

அன்பர்களே! மனிதன் ஒன்றிரண்டு புலிகளை வானத்தில் ஏற்றிச் செல்லலாம். ஒரு குலத்தையே அவ்வாறு வாழவைத்தல் இயலாது. காடு தீவாகிவிட்டால் உறவுக்குள்ளேயே இனம் பெருகி நலியும். நடந்து செல்ல வழி இருந்தால்தான் புதுக்குருதி கலக்கும். கான்ஹாவுக்கும் பெஞ்சுக்கும் இடையே அத்தகைய வனவழி இன்றும் உள்ளது. பெஞ்ச் வனப்பகுதியை ஊடறுத்துச் செல்வது எந்தச் சாலை? ஸ்ரீநகரிலிருந்து டில்லி வழியாகக் கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை; நம் ஊர்ச் சாலை! அதனை அகலப்படுத்தியபோது நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன. முடிவில் மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் சாலைக்கு அடியே கடக்க ஒன்பது வழிகள் அமைந்தன. அவற்றுள் ஒன்று 750 மீட்டர் நீளமுடையது. புலிகள் அவ்வழியே செல்வதைத் தானியங்கிப் படக்கருவிகள் பதிவு செய்துள்ளன. வழி விட்டால் அவை நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மத்தியப் பிரதேச அரசு 2024-இல் சுற்றுலாவுக்கெனச் சிறு விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. காடுகளைக் காணச் செல்வோர்க்கு இத்தகைய வசதி மேலும் பெருகலாம், பெருகட்டும். ஒரு நாள் சாலைப் பயணம் ஒரு மணி நேரமாகச் சுருங்குவது நமக்கு நன்மையே. ஆயினும் காட்டுக்கு மேலே பறப்பவர் கீழே நடப்பவரை மறத்தலாகாது. நாம் சாளரம் வழியே கண்டு கடக்கும் அந்த இடைநிலம், புலிக்கு அதன் குலம் செல்லும் பாதை. அங்கே ஒரு சுரங்கமோ சாலையோ வரும் என்று செய்தி வருங்கால், எவ்வளவு மரம் விழும் என்பதோடு, எந்த வழி அடைபடும் என்றும் கேட்போமாக. ஊருக்கும் ஊருக்கும் இடையே வழி திறந்திருத்தலின் அருமையை அறிந்த நாம் இதனைக் கேட்டல் கடமை என்று கூறி, என் உரையை முடிக்கின்றேன்.