வென்ற்வேத் கோல்ப் போட்டி: மங்கிய கவர்ச்சி



ஒரு விளையாட்டுப் போட்டிக்கு உயிரளிப்போர் ஆடுவோர் மட்டுமல்லர், காண்போருமாவர். காண்போரின் ஆர்வம் குன்றுமாயின், பரிசுப் பணம் எவ்வளவு பெருகினும் போட்டி நிலைப்பதில்லை. 1964ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றி, 2014ஆம் ஆண்டோடு மறைந்த உலக 'மட்ச் பிளே' கோல்ப் போட்டி இதற்குத் தக்க சான்றாகும்.

கோல்ப் ஆட்டத்தில் இரு முறைகள் உள. ஒன்றில், பலர் பல நாட்கள் ஆடுவர். ஆகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடித்தவர் வெற்றி பெறுவர். மற்றையதில், இருவர் நேருக்கு நேர் பொருதுவர்; ஒவ்வொரு குழிக்கும் வெற்றி தோல்வி தனியே கணிக்கப்படும். எஞ்சியுள்ள குழிகளின் தொகையிலும் ஒருவரின் முன்னணி மிகுமாயின், ஆட்டம் அவ்விடத்திலேயே முடிவுறும். முன்னையது கணக்கெடுப்பை ஒக்கும். பின்னையது மற்போரை ஒக்கும்.

இவ்விரண்டாம் முறையை நம்பியே மார்க் மக்கோர்மாக் என்னும் அமெரிக்கர், இலண்டனுக்கு மேற்கேயுள்ள வென்ற்வேத் மைதானத்தில் இப்போட்டியைத் தொடக்கினார். அழைக்கப்பட்டோர் எண்மர். ஒவ்வோர் ஆட்டமும் 36 குழிகள். அஃதாவது, ஒரு முழுநாட் போர். முதலாண்டில் ஆர்னல்ட் பாமர் வென்றார். அடுத்த ஆண்டு அரையிறுதியில், தென்னாபிரிக்கரான காரி பிளேயர், 17 குழிகளே எஞ்சியிருந்த வேளையில் ரொனி லீமாவிடம் ஏழு குழிகள் பின்தங்கியிருந்தார். எனினும் மனந்தளராது பொருது, ஆட்டத்தைச் சமப்படுத்தி, 37ஆம் குழியில் வென்றார். இத்தகைய காட்சியைக் காணவன்றோ மக்கள் வீரர்களைப் பின்தொடர்ந்து நடந்தனர்!

ஆயினும், அழகின் மூலமே ஆபத்தின் மூலமுமாயிற்று. 2003ஆம் ஆண்டில் முதற் பரிசு பத்து இலட்சம் பவுணாக உயர்ந்தது. 2006ஆம் ஆண்டில் ரைகர் வூட்ஸ் வந்தார். முதற் சுற்றிலேயே ஷோன் மிக்கீலிடம் தோற்று வெளியேறினார். அவருக்காகவே வந்தோருக்கு மறுநாள் காண என்ன இருந்தது? இறுதியாட்டத்திலோ போல் கேசி அதே மிக்கீலை வென்றபொழுது எட்டுக் குழிகள் ஆடப்படாமலே எஞ்சின. தொலைக்காட்சி நிலையத்தார் ஒதுக்கிய நேரம் இவ்வாறு வெறுமையாதல் இம்முறைக்கே உரிய இடர்.

2007ஆம் ஆண்டோடு போட்டி வென்ற்வேத்தை நீங்கிற்று. மறு ஆண்டு நடைபெறவேயில்லை. 2009இல் ஸ்பெயினிலே மீண்டும் தோன்றியபொழுது, பதினாறு பேரைக் குழுக்களாக வகுத்து, ஒருமுறை தோற்றவருக்கும் மறுவாய்ப்பு அளித்தனர். பின்னர் பல்கேரியா, ஈற்றில் மீண்டும் இங்கிலாந்து. 1999இல் தொடங்கிய மற்றோர் உலக 'மட்ச் பிளே' போட்டியும் 2015இல் இதே குழுமுறையைத் தழுவி, 2023இல் முடிவுற்றது.

புகழ்பெற்றோர் விரைவில் வெளியேறாதபடி காக்கச் செய்த ஏற்பாடு, தோல்வியின் அச்சத்தையும் உடன் நீக்கிவிட்டது. அவ்வச்சமே காண்போரைக் கட்டியிழுத்த கயிறு என்பது என் துணிபு. கோயிற் றிருவிழாவுக்கு இடமும் காலமும் நிலையாயிருத்தல் போல, ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் ஒரே மைதானத்தில் கூடிய வழக்கமும் அறுந்தபின், அக்கூட்டத்தை வேறோரிடத்தில் பணங்கொடுத்துத் திரட்டல் எளிதன்று.

போட்டிகளைத் திருத்த முனைவோர், மக்கள் எதற்காக அங்கு வருகின்றனர் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.