நாவின் துரிசு

வன்னிப் பெருநிலப்பரப்பில், புளியங்குளத்திலிருந்து கிழக்கே செல்லும் வீதியில் அமைந்துள்ள ஊர் நெடுங்கேணி. குளத்தை நம்பி வயல் செய்யும் பூமி அது. குளத்து நீரைத் துரிசின் வழியே அளவாக விட்டால் வயல் விளையும். கட்டை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் அதே நீர் பயிரை அழிக்கும். துரிசைத் திறவாமலே வைத்திருந்தாலோ, குளம் நிறைந்திருந்தும் பயிர் வாடும். மனிதரின் பேச்சும் அத்தகையதே. நாவடக்கம் என்பது வாயை மூடிவைப்பதன்று. வேண்டிய சொல்லை வேண்டிய அளவில் வழங்குவதாகும்.

நாவைக் காக்கும்படி வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்திலே வற்புறுத்துகிறார். கிறிஸ்தவ வேதத்தில், யாக்கோபு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், பெருங்கப்பலைத் திருப்பும் சிறு சுக்கானையும், பெருங்காட்டை எரிக்கும் சிறு நெருப்பையும் நாவுக்கு உவமையாகக் காட்டுகிறது. உண்மை இவ்வாறிருக்க, இவ்வடக்கத்தை இளம் பிள்ளைக்குக் கற்பிப்பது எவ்வாறு?

இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் சூசன்னா வெஸ்லி அம்மையார். மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியின் அன்னை அவர். அவ்வியக்கத்தின் போதகர்கள் 1814இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் பள்ளிகளையும் சபைகளையும் அமைத்தனர். பத்தொன்பது மகவுகளைப் பெற்று, அவர்களுட் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்த அவ்வம்மையார், தாம் பிள்ளைகளை வளர்த்த முறையை 1732இல் மகனுக்கு ஒரு கடிதத்தில் விவரித்தார்.

அவர் வீட்டிலே பிள்ளைகள் ஒருவரையொருவர் வெறும் பெயரால் அழைத்தல் ஆகாது. சகோதரன், சகோதரி என்ற முறையும் சேர்ந்து வரவேண்டும். அண்ணா, அக்கா என அழைத்துப் பழகிய தமிழ் வீடுகளுக்கு இது புதிதன்று. வேலையாளிடம் ஒன்று கேட்பதாயினும் பணிவோடு கேட்டல் வேண்டும். ஏவலாளன்தானே என்ற எண்ணத்தில் எழும் கடுஞ்சொல்லே பிற்காலத்தில் எல்லோர்மீதும் பாய்கிறதன்றோ!

1709இல் எப்வர்த் என்னும் ஊரிலிருந்த அவர்களது இல்லம் தீக்கிரையாயிற்று. பிள்ளைகள் பல வீடுகளுக்குப் பிரிந்து சென்றனர். மீண்டும் ஒன்றுகூடியபோது, அவர்களிடம் பழைய நயமான பேச்சு பெரிதும் மறைந்து, முரட்டு வழக்கங்கள் குடிகொண்டிருந்தன. அவற்றைத் திருத்துவது எளிதாயில்லை என்று அன்னையே எழுதுகிறார்.

வீடிழந்து சிதறும் துயரத்தை நெடுங்கேணியும் அறியும். போரினால் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள், 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாக மீளக் குடியேறினர். அக்காலத்திற் சிறுவராயிருந்தோர் பலர் இன்று தாமே பெற்றோராயுள்ளனர். இழப்பின் வேதனை சில வேளைகளிற் கடுஞ்சொல்லாக வெளிப்படுதல் இயல்பு. ஆயினும், அச்சொல் பிள்ளைக்கு முதுசமாகிவிடல் ஆகாது.

சூசன்னா அம்மையார் வகுத்த விதிகளுள் மிகச் சிறந்தது ஒன்றுண்டு. செய்த குற்றத்தை உள்ளபடி ஒப்புக்கொண்டு, திருந்துவதாகச் சொல்லும் பிள்ளையை அடித்தல் கூடாது. தண்டனைக்கு அஞ்சியே பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகின்றனர் என்பதை அவர் கண்டிருந்தார். ஒரே குற்றத்துக்கு இருமுறை கண்டித்தலும், திருந்தியபின் அதைச் சொல்லிக் குத்திக் காட்டுதலும் அங்கு விலக்கப்பட்டன. மிக இளம் வயதிலேயே பிரம்புக்கு அஞ்சச் செய்த அவரது மற்றப் பழக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் உண்மை பேசிய நாவுக்கு அடைக்கலம் அளிக்கும் இவ்விதி எக்காலத்துக்கும் பொருந்தும்.

குடத்தை உடைத்த பிள்ளை, உடைத்தது தான் என்று சொல்லித் தலைகுனிந்து நிற்கிறது. அவ்வேளையில் வீட்டாரின் வாயிலிருந்து வரும் முதற்சொல்லே பெரும்பாடம். அது வசைச்சொல்லாயின், பிள்ளை மறுமுறை பூனைமீது பழி போடும். அமைதியாகக் காரணம் கேட்டால், மெய் சொல்வதற்கு அஞ்சவேண்டியதில்லை என்பதைக் கற்றுக்கொள்ளும்.

தந்தையர் தம் பிள்ளைகளைக் கோபமூட்டலாகாது என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் அறிவுறுத்துகிறார். மாலை ஜெபத்தில் இறைவனைத் துதித்த வாய், ஜெபம் முடிந்ததும் வேலிக்கு அப்பால் உள்ளவரை ஏசுமாயின், பிள்ளை எதனைப் பின்பற்றும்? ஆதலால், பிள்ளையின் நாவைத் திருத்த விரும்புவோர் முதலிற் காக்கவேண்டியது தம் நாவையே. கோபம் வந்தபோது பெற்றோர் அடக்கிக்கொள்ளும் ஒரு சொல், பிள்ளைக்குச் சொல்லும் நூறு புத்திமதிகளிலும் மேலானது.