'வாக்' என்னும் சிறு சொல்

(யூபிலி விழா மாலையில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் மாலை வகுப்பில் ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் சிலர், தவறாகப் பேசினால் பிறர் சிரிப்பார்களே என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. அவர்களை எண்ணியே, 'நட' என்று பொருள்படும் 'வாக்' என்ற எளிய சொல்லை இன்று எடுத்துக்கொண்டேன். அதில் நானே தவறிய கதையும் உண்டு.

இச்சொல்லை எழுதும்போது 'எல்' உண்டு, ஒலிக்கும்போது இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு உருளுதல், அலைபோல் புரளுதல் என்பதே பொருள். 13-ஆம் நூற்றாண்டளவில்தான் நடத்தல் என்ற பொருள் நிலைபெற்றது. கம்பளித் துணியை நீரிலிட்டுக் காலால் மிதித்துக் கெட்டியாக்கும் வேலைக்கும் இதே பெயர். அத்தொழிலாளியே 'வாக்கர்'. இன்று அது ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயராக வழங்குகிறது.

1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இச்சொல் ஒழுகுதல் என்ற பொருளிலும் வருகிறது. எபிரேய மூலத்தில் நடத்தலைக் குறிக்கும் 'ஹாலக்' என்ற சொல்லே ஒழுக்கத்தையும் குறிப்பதுதான் காரணம். யூதர் தம் நெறிமுறைச் சட்டத்தை 'ஹலாக்கா' என்பதும் அவ்வேரிலிருந்தே. நமக்கு இது புதிதன்று; 'நட' என்பதிலிருந்து 'நடத்தை' பிறந்த மொழியல்லவா நம்முடையது!

சட்டமன்றத்தில் 'வாக் அவுட்' என்றால் வெளிநடப்பு. 'வாக் ஆஃப் லைஃப்' என்றால் ஒருவரின் தொழில் அல்லது வாழ்க்கை நிலை. கிரிக்கெட்டில், தான் ஆட்டமிழந்ததை அறிந்தவர் நடுவர் தீர்ப்புக்குக் காத்திராமல் தாமே வெளியேறுவதையும் 'வாக்' என்பர். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில், இலங்கைக்கு எதிராக ஆடிய ஆஸ்திரேலிய வீரர் கில்கிறிஸ்ட், நடுவர் 'அவுட்' கொடாதிருந்தும் இவ்வாறு வெளியேறினார்.

இனி என் கதை. குருமடத்தில் முதலாண்டு. தந்தைக்கு நோய் கடுமை என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த முதிய சுவாமி, "ஐ வில் வாக் யூ டு த ஸ்டேஷன்" என்றார். 'உன்னை நிலையம் வரை நடக்க வைப்பேன்' என்று நான் பொருள் கொண்டேன். இந்த நேரத்திலும் வண்டிக்குக் காசு தர மனமில்லையே என்று உள்ளம் கசந்தது.

பெட்டியோடு வெளியே வந்தால், வாசலில் அவர் குடையுடன் நிற்கிறார்! பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாமே பிடித்துக்கொண்டார். இரண்டு மைல் தூரம் என் தந்தையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். அச்சொல்லுக்குப் பின் ஓர் ஆளைச் சேர்த்தால், அவரோடு உடன் நடந்து சென்று விட்டுவருதல் என்று பொருள். அதை அன்று அந்தச் சாலையில்தான் அறிந்தேன். ரயில் புறப்படுமுன் நான் நினைத்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பிள்ளைகளே, அஞ்சாமல் பேசுங்கள், தவறினால் திருத்திக்கொள்ளலாம். பெரியோரே, தடுமாறும் பிள்ளையைக் கண்டு நகையாதீர்கள். அவனோடு சிறிது தூரம் கூட நடந்து வாருங்கள்.