நெசவாளர் சங்கத்தின் கணக்குப் புத்தகம்

(கொமரலிங்கத்தில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில், நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைத்தறி பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905-இல் அதே நாளில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டதன் நினைவாக 2015 முதல் கொண்டாடுகிறோம். முதல் விழா சென்னையில்தான் நடந்தது. அன்றைக்கு நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி. ஓவியத்தில் ஒரு தறி, தறிக்குப் பின்னால் ஒரு தாத்தா. கட்டுரையில் "நலிந்துவரும் தொழில்" என்று ஒரு பத்தி. பரிசு கொடுத்து அனுப்பிவிடுவோம். அந்த ஓவியத்தில் எப்போதும் விட்டுப்போகிற ஒன்றைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். அது சங்கம்.

தறியில் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் நெசவு ஒருவர் செய்கிற வேலையே இல்லை. கொமரலிங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அமராவதி ஆற்றிலிருந்து வருகிற ராஜவாய்க்கால் தண்ணீரைத் தனி ஆள் ஒருவர் தன் வயலுக்கு மட்டும் கொண்டுபோக முடியுமா? மேல்மடை, கீழ்மடை, முறை என்று எல்லாரும் சேர்ந்தால்தான் நெல் விளையும். பாவும் அப்படித்தான்.

பாவு என்றால் துணியின் நீளவாக்கில் ஓடும் நூல். குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு சேலையின் அகலம் 48 அங்குலம், அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,840 இழைகள். ஐந்து சேலைக்குச் சேர்த்து 30 மீட்டர் நீளத்துக்குப் பாவு போட்டால், கழிவு சேர்க்காமலே 1,15,200 மீட்டர் நூல், அதாவது 115 கிலோமீட்டர். இந்த நூலைத் தெருவில் நீட்டி, கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். வீட்டில் இருக்கும் இரண்டு பேரால் ஆகாது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து பிடித்தாக வேண்டும். அவர்கள் பாவுக்கு நாம் போக வேண்டும். அதன் பிறகு, தறியில் இருக்கும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை ஒவ்வோர் இழையாகப் பிணைக்க வேண்டும். 3,840 முறை. அதற்கென்றே கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஊடைக்கு நூலை ராட்டையில் தார் சுற்றித் தர இன்னொருவர் வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகுதான் நம் ஓவியத்தில் வரும் தாத்தா நாடாவைத் தள்ளுகிறார்.

இதனால்தான் நெசவாளர்கள் மிகப் பழங்காலத்திலேயே கூட்டமாகச் சேர்ந்தார்கள் என்பது என் எண்ணம். மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்ற ஊர் இருக்கிறது. பழைய பெயர் தசபுரம். தென் குஜராத்திலிருந்து அங்கே குடியேறிய பட்டு நெசவாளர்கள் தங்கள் குழுவின் செல்வத்தைக் கொண்டு 5-ஆம் நூற்றாண்டில் சூரியனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். அது பழுதடைந்தபோது அதே குழு பழுது பார்த்தது. அதைச் சொல்லும் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களில் சிலர் வில்வித்தை கற்றார்கள், சிலர் சோதிடம் கற்றார்கள், சிலர் கதை சொல்வதில் தேர்ந்தார்கள் என்கிறது கல்வெட்டு. வேறு வேலைக்குப் போனவர்களையும் பெருமையோடு தன் ஆட்களாகவே எழுதிவைத்திருக்கிறது அந்தக் குழு. நெசவாளர் வீட்டுப் பிள்ளை பனியன் கம்பெனிக்கோ கல்லூரிக்கோ போனால் தொழில் அழிந்தது என்று நாம் புலம்புகிறோமே, அவர்கள் புலம்பவில்லை.

நம் பக்கத்துச் சான்று காஞ்சிபுரத்தில். 10-ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் வெளியிட்ட செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டு நெசவாளர்களிடம் கோயில் வருவாயை மேற்பார்க்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. கணித ஆசிரியராக இதை எல்லா வகுப்பிலும் சொல்லிவிடுவேன். நெசவாளர் என்றால் கைவேலைக்காரர் மட்டுமல்ல, கணக்குக்கு நம்பப்பட்டவர்.

இன்றைய கூட்டுறவுச் சங்கத்தின் கதையிலும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். 1844-இல் இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கடை தொடங்கினார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு, இலாபத்தில் பங்கு என்ற விதிகள் அங்கிருந்து உலகம் முழுவதும் பரவின. நம் மாநிலத்தில் 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1940-களின் தொடக்கத்தில், நமக்குப் பக்கத்துச் சென்னிமலையில் எம்.பி. நாச்சிமுத்து முன்னின்று சென்டெக்ஸ் என்ற சங்கத்தை வளர்த்தார். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்றவர். சென்னிமலைப் போர்வை உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும்.

இனி எங்கள் வகுப்புக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனோம். போவதற்கு முன் வகுப்பில் ஒரு வேலை செய்தோம். பழைய பனியன் துணி ஒரு துண்டு, பழைய வேட்டி ஒரு துண்டு. இரண்டையும் பிரிக்கச் சொன்னேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் யாராவது பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். ஆனாலும் பனியன் ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொள்ளும் பின்னல், வேட்டி இரண்டு திசை நூல் மேலும் கீழும் போகும் நெசவு என்பதை அன்றுதான் கையால் கண்டார்கள். பனியன் ஏன் இழுத்தால் நீள்கிறது, வேட்டி ஏன் நீள்வதில்லை என்ற கேள்விக்கு நான் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சங்கத்தில் முதலில் காட்டியது சிட்டா நூல். 80-ஆம் நம்பர் நூல் என்றார்கள். நம்பர் என்றால் என்ன? ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டா எத்தனை இருக்கிறதோ அதுதான் நம்பர். 80-ஆம் நம்பர் என்றால் 67,200 கஜம், சுமார் 61 கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து கோவை வரை நீட்டினாலும் மிச்சம் இருக்கும், எடையோ அரைக்கிலோவுக்கும் குறைவு. எண் ஏற ஏற நூல் மெலிகிறது. எதிர்விகிதத்துக்கு நான் பாடப்புத்தகத்தில் தேடிய எந்த எடுத்துக்காட்டும் இவ்வளவு சுலபமாகப் பிள்ளைகளின் மனத்தில் நின்றதில்லை.

பிறகு ஜக்கார்டுப் பெட்டி. தறியின் தலைக்கு மேல் துளையிட்ட அட்டைகள் மாலையாகத் தொங்குகின்றன. துளை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த கருவி இது. பிறகு பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு இதே அட்டையை எடுத்துக்கொண்டார். கட்டம் போட்ட தாளில் 16-க்கு 16 கட்டத்தில் மாங்காய் வரையச் சொன்னால் போதும். நிறைந்த கட்டம் 1, வெறும் கட்டம் 0. இரும எண்ணுக்கு வேறு கருவி வாங்க வேண்டியதில்லை.

உண்மையான பாடம் நடந்தது தறியில் அல்ல, சங்கத்தின் அலுவலக அறையில். உறுப்பினர் பாஸ்புத்தகம் எப்படி இருக்கும் என்று செயலாளர் காட்டினார். நூல் கொடுத்த நாள், எடை, துணி வந்த நாள், கூலி, பிடித்தம். சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு உறுப்பினர் செலுத்துகிறார், அரசு 4 காசு சேர்க்கிறது. 1,000 ரூபாய் கூலிக்கு எவ்வளவு என்று கேட்டேன். 80, 40 என்று உடனே சொன்னார்கள். நூல் எடைக்கும் துணி எடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துக் கழிவு சதவீதம் போட்டார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு மாணவி கேட்டாள்.

"மிஸ், தார் சுத்தற கூலி எந்தப் பக்கத்துல எழுதியிருக்குதுங்க?"

செயலாளர் நல்ல மனிதர். மழுப்பவில்லை. "கூலி சேலைக்குத்தாம்மா. தார் சுத்தறது, பாவு புடிக்கறது எல்லாம் அதுக்குள்ளயே சேர்ந்ததுதான். உறுப்பினர் பேர்லதான் பதிவாகும்" என்றார். அந்த மாணவியின் வீட்டில் உறுப்பினர் அப்பா. தார் சுற்றுவது அம்மா. காலையில் பள்ளிக்கு வருவதற்கு முன் இவளும் சுற்றுகிறாள்.

திரும்பி வந்த பிறகு வகுப்பில் ஒரு சேலையின் கணக்கை எழுதினோம். பணக் கணக்கு அல்ல, நேரக் கணக்கு. நெசவு வீடுகளிலிருந்து வரும் நான்கு பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டில் குறித்துக்கொண்டு வந்தார்கள்: யார், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. கரும்பலகையில் பட்டை வரைபடமாகப் போட்டோம். தறியில் உட்கார்ந்தவரின் பட்டையோடு மற்றவர்களின் பட்டைகளைச் சேர்த்து நிறுத்தியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. நான்கு வீட்டுக் கணக்கை வைத்து நாட்டைப் பற்றி எதுவும் சொல்லிவிடக் கூடாது என்பதையும் அன்றே பாடமாக்கினேன். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருப்பதாகவும், அவர்களில் 72 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்றும் சொல்கிறது. வீட்டுக்கு வீடு தறி இருக்கும் வடகிழக்கு மாநிலங்களின் பங்கு அதில் பெரிது. நம் பக்கத்து நிலவரம் வேறாக இருக்கலாம். சராசரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அந்த வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே விளக்கினார்கள். வீட்டுப் பெயர் எதையும் போடவில்லை. இதில் நாம் கவனமாக இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தைக் கூண்டில் ஏற்றுவது நம் வேலையல்ல. இருந்தாலும் அந்த மாணவியின் அம்மா புரிந்துகொண்டார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "எம் பேர்ல உறுப்பினர் அட்டை வாங்க முடியுங்களா மிஸ்? நானும் தறியில உக்கார்றவதானுங்க" என்று கேட்டார். "சங்கத்துல கேட்டுப் பாருங்கக்கா" என்றேன். விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இன்னும் முடிவாகவில்லை. உறுப்பினர் ஆனால் சேமிப்பு அவர் பெயரில் ஏறும், பேரவைக் கூட்டத்தில் அவருக்கும் ஓர் ஓட்டு.

மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, படிப்பு கெடாமல் உதவுவதை அனுமதிக்கிறது. காலையில் தார் சுற்றிவிட்டுத் தாமதமாக வருவது அதற்குள் வராது. அப்பாவிடம் பேசினேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். இப்போது காலை வழிபாட்டுக்கு வந்துவிடுகிறாள். சனிக்கிழமை சுற்றுகிறாள் என்று நினைக்கிறேன். அதையும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கைத்தறியைப் போற்றிப் பேசும்போது இதை நாம் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். "பாட்டி முதல் பேத்தி வரை கைகோக்கும் தொழில்" என்று கட்டுரையில் எழுத அழகாக இருக்கும். பேத்திக்கு மறுநாள் தேர்வு இருக்கும்.

மற்ற பாட ஆசிரியர்களுக்கும் இதில் இடம் உண்டு. அறிவியல் ஆசிரியர் உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து மல்பெரித் தோட்டத்திலிருந்து தொடங்கலாம், வெண்பட்டுக்கூடு கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. சமூக அறிவியலுக்கு 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. எந்தெந்தத் துணிவகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று சொல்லும் சட்டம். கடைத்தெருவில் போய் எது கைத்தறி, எது விசைத்தறி என்று கைத்தறி முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தமிழாசிரியர்கள் தறியின் உறுப்புகளுக்குப் பெயர் திரட்டலாம். ஊருக்கு ஊர் பெயர் மாறும், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். எதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் போட்டிருக்கும் விலையில்லாச் சீருடையில் தொடங்குங்கள். அதற்கான துணி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத்தான் வருகிறது. யார் நெய்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் அங்கிருந்து நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

கிளம்புவதற்கு முன் ஒன்று. மழைக்காலத்தில் போகாதீர்கள். குழித்தறியின் குழியில் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு நீட்டமாட்டார்கள், வேலை நின்றுபோன வீட்டுக்கு முப்பது பிள்ளைகளோடு போய் நிற்பது நன்றாக இருக்காது. தை பிறந்த பிறகு, விடிகாலையில் போங்கள். பாவு நீட்டும்போது கை குறைந்தால், பிள்ளைகளை அல்ல, உங்களைக் கூப்பிடுவார்கள். நூலை இறுக்கிப் பிடிக்காமல், தொய்யவும் விடாமல் பிடியுங்கள்.