பட்டறை வகுப்பில் ஒழுங்கு



மாட்டுங்காவில் புகழ்பெற்ற தொழிற்கல்வி நிலையம் ஒன்று உண்டு. 1887-இல் விக்டோரியா ஜூபிலி என்னும் பெயரோடு தோன்றிய அது, 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1997 முதல் வீரமாதா ஜீஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்குச் சிறிது தொலைவில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர் தோல் பதனிட்டு வாழ்ந்த இடம் அது. இவ்வாறு கைத்தொழிலின் நடுவே வளரும் நம் பிள்ளைகள், பள்ளிச் செய்முறை வகுப்பில் மட்டும் ‘அடங்காதவர்கள்’ என்று பெயர் எடுப்பானேன்?

பாடம் கேட்கும் வகுப்பில் அமைதியே ஒழுங்கு. பட்டறையிலோ அரமும் சுத்தியும் ஒலித்தே தீரும், அவ்வொலி குழப்பமாகாது. நாற்பது பிள்ளைகளுக்கு நான்கு அரங்கள் இருந்தால், காத்திருக்கும் கைகளே குறும்பு செய்கின்றன.

இத்தகைய வகுப்பு ஒன்றை நாம் கண்டதுண்டு. ஆசிரியர் தொண்டை வறளக் கூவியும் பயனில்லை. பின்னர் அவர் முறையை மாற்றினார். ஒரு குழு அராவ, மற்றொரு குழு அளந்து கோடிட, மூன்றாம் குழு கருவிகளின் கணக்கைப் பார்த்தது. சுவரில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வரைந்து வைத்தார். மணி அடிக்கையில் வெற்றிடமே காணாமற்போன உளியைக் காட்டிக்கொடுத்தது. அவர் கை உயர்த்தினால் எல்லாக் கருவிகளும் கீழே இறங்க வேண்டும் என்பதை முதல்நாளே பழக்கினார். ஓடும் இயந்திரத்தருகே ஒரு கணக் கேலி ஒரு விரலைக் கொண்டுபோகுமன்றோ?

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தது. தக்ளியில் நூல் அறுந்தால், நூற்கும் பிள்ளை தன் பிழையைத் தானே அறிகிறான். பொருளே கண்டிக்குமிடத்தில் பிரம்புக்கு வேலையில்லை. மாணவரை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் தடுக்கிறது.

‘வெளியே போ’ என்னும் தண்டனை ஒன்று எஞ்சுகிறது. இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பிறர் உயிருக்கு ஊறு நேருமெனில் கருவியை வாங்கி வைப்பது கடமையே. ஆயினும், விட்டுப்போன பாடத்தை நூலில் படித்துக்கொள்ளலாம்; விட்டுப்போன கைப்பழக்கத்தை யாரிடம் இரவல் பெறுவது? ஊர்விட்டு வந்த குடும்பத்துக்கு அக்கைப்பழக்கமே நாளைய சோறு. அவனை அளவெடுக்கவோ கணக்கெழுதவோ அமர்த்தி, வகுப்புக்குள்ளேயே வைத்திருப்பது நலம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ‘அடித்துத் திருத்துங்கள்’ என்று ஆசிரியரிடம் கூறாதீர்கள். வீட்டில் ஒரு திருப்புளியைப் பிள்ளை கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பட்டறை ஒழுங்கின் முதற்பாடம் அதுவே.