அமுதசுரபி சாவகம் சேராதது ஏன்? – பேரிடர்க் காலத்தில் அரசின் உணவு வழங்கல்



மணிமேகலைக் காப்பியம் கூறும் அமுதசுரபியை நாம் அறிவோம். அள்ளக் குறையாத அப்பாத்திரமும் ஒருமுறை பயனற்றுப் போயிற்று. சாவக நாட்டில் மழை பொய்த்து மக்கள் பசியால் மடிகின்றனர் எனக் கேட்ட ஆபுத்திரன், பாத்திரத்துடன் கப்பலேறினான். காற்றின் மிகுதியால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. கரையிறங்கிய அவன் திரும்ப ஏறிவிட்டான் என்று கருதிக் கப்பலைச் செலுத்திவிட்டனர். உண்பார் எவருமில்லாத தீவில் நின்ற அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர் நீத்தான். சாவகத்தை இன்றைய ஜாவாவாகக் கொள்வர் அறிஞர். நம் திசை நோக்கிப் புறப்பட்ட அந்த உணவு வந்து சேரவேயில்லை.

அங்கே உணவு இருந்தது; அருள் இருந்தது; கப்பலும் இருந்தது. ஏறியவரையும் இறங்கியவரையும் எண்ணிப் பார்க்கும் ஒழுங்குதான் இல்லை. பொருளைச் சேமித்தல், எண்ணுதல், ஏற்றுதல், உரியவரிடம் உரிய பொழுதில் ஒப்படைத்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே வழங்கல். பேரிடரில் அரசின் ஆற்றலை அளக்க வேண்டிய இடமும் அதுவே.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் ஜோகூரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் ஆகியவற்றோடு நம் குளுவாங் மாவட்டமும் பாதிப்புற்றது. 2014 இறுதியில் கிளந்தானில் சாலையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போக, கோலக்கிராய் போன்ற ஊர்களுக்கு ஹெலிகாப்டரில் உணவு கொண்டு செல்ல நேர்ந்தது. அதன்பின், 2015 அக்டோபரில் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா தோன்றியது. 2023 மார்ச்சில் ஜோகூர் மீண்டும் நீரில் மூழ்கியது.

மேல்மட்டத்தில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. சுபாங்கில் உலக உணவுத் திட்டம் நடத்தும் நிவாரணக் கிடங்கு உண்டு. ஆசியானின் அவசரகாலக் கிடங்கும் அங்கேயே உண்டு. தேசியப் பாதுகாப்பு மன்றம் 1997-இல் வெளியிட்ட 20-ஆம் ஆணை, மாவட்டம், மாநிலம், நடுவண் என மூன்று நிலைகளில் பொறுப்பைப் பகுத்தது. துயர் துடைப்பு மையங்களின் உணவைச் சமூகநல இலாகா கவனிக்கிறது. இடர்ப்பாடு பெரும்பாலும் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். சாலையோர மையத்துக்குத் தொண்டர்கள் மும்முறை உணவு கொணரும் வேளையில், பாலம் மூழ்கிய உள்தோட்டத்தில் ஒருவேளைச் சோறும் இல்லாதிருக்கலாம். ஈகை மிகுதியாலும் இக்குறை தீராது, ஒழுங்கால்தான் தீரும்.

ஆகவே நான்கு செயல்கள் வேண்டும். முதலாவது, நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், முதலில் துண்டிக்கப்படும் இடங்களுக்கு அருகிலேயே உணவை இருப்பு வைத்தல். அடுப்பு நனைந்த வீட்டுக்கு முதல் நாளில் அரிசி பயன்படாது. சமைக்க வேண்டாத உணவும் குடிநீருமே தேவை. இரண்டாவது, குழந்தைகள், முதியோர், நீரிழிவு நோயாளர், மரக்கறி உண்போர், ஹலால் உணவு வேண்டுவோர் எத்தனை பேர் என்று முன்கூட்டியே கணக்கெடுத்தல். மூன்றாவது, லாரி, படகு உரிமையாளர்களோடும் தோட்ட நிர்வாகங்களோடும் முன்னரே உடன்படிக்கை செய்துகொள்ளுதல். கார் செல்லாத செம்மண் பாதையில் தோட்டத்து டிராக்டர் செல்லும். நான்காவது, மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் வாங்கவும் வழங்கவும் மாவட்ட அதிகாரிக்கு நிதியும் அதிகாரமும் அளித்தல்.

இவற்றுள் மொழிக்கும் இடமுண்டு. எங்கே, எப்போது உணவு கிடைக்கும் என்னும் அறிவிப்பு மலாயில் மட்டும் இருந்தால், தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத்து மூதாட்டி வரிசைக்கே வரமாட்டார். அவர் பெயர் கணக்கிலும் ஏறாது. அறிவிப்பைப் பிழையற்ற எளிய தமிழில் எழுதித் தருவது நம்மால் இயலும்.

ஆசிரியர்களே, வெள்ளக் காலத்தில் துயர் துடைப்பு மையங்களாவன பெரும்பாலும் பள்ளிகளே. எந்த மாணவன் வீட்டில் படுக்கையில் பாட்டி இருக்கிறார் என்பதைக் கோலாலம்பூர் அறியாது, வகுப்பாசிரியர் அறிவார். மாணவர்களே, உங்கள் தோட்டத்தின் பாதைகளையும் தாழ்வான வீடுகளையும் வரைபடமாக்கி, பள்ளி வழியே மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுங்கள். அடுத்த மழையில் அந்த ஒரு தாளைப் பார்த்து ஒரு லாரி சரியான வழியில் திரும்பக்கூடும்.